பூனை எங்கே பார்க்கிறது? யதார்த்த ஓவியத்தில் குறியீட்டைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"அப்படியே போட்டோ மாதிரி இருக்கு!" யதார்த்த ஓவியம் ஒன்றுக்கு நம்மூரில் கிடைக்கிற உச்சபட்சப் பாராட்டு இது. சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவோம். இன்னொரு கூட்டமும் உண்டு. வாடிய பூ தெரிந்தால் மரணம், திறந்த ஜன்னல் தெரிந்தால் விடுதலை, பறவை தெரிந்தால் ஆன்மா என்று உடனுக்குடன் அர்த்தம் எழுதிவிடுவார்கள். முதல் கூட்டம் ஓவியரின் திறமையை மெச்சுகிறது, இரண்டாவது தன் கையிலிருக்கும் அகராதியைப் புரட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் படம் பார்க்கப்படாமலே போய்விடுகிறது.

இந்தக் கட்டுரை அந்த நடுப்பகுதிக்கானது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்றைய யதார்த்த ஓவியத்தில் ஒரு பொருள் குறியீடாக மாறுவது பெரும்பாலும் பார்வையால்தான். படத்துக்குள் யார் எதைப் பார்க்கிறார்கள், யார் பார்க்க மறுக்கிறார்கள், நாம் எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம் என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் பூவுக்கும் பூனைக்கும் அர்த்தம் தேட வேண்டும். அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். வரிசைதான் முக்கியம்.

தொடங்கும் முன்: கையில் ஒரு படம் இருக்கட்டும்

பொதுப்படையாகப் பேசினால் எல்லாம் காற்றோடு போய்விடும். டேவிட் ஹாக்னி 1970-71-ல் வரைந்த 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் கிளார்க் அண்ட் பெர்சி' என்ற படத்தைப் பாடமாக வைத்துக்கொள்ளலாம். அக்ரிலிக், கேன்வாஸ். உயரம் ஏறக்குறைய 213 சென்டிமீட்டர், அகலம் 305. லண்டனின் டேட் கேலரியிடம் 1971-லிருந்து இருக்கிறது, அவர்களுடைய இணையதளத்தில் பார்க்கலாம். 2005-ல் பிபிசி வானொலி நடத்திய, பிரிட்டனில் உள்ள மிகச்சிறந்த ஓவியத்துக்கான வாக்கெடுப்பில் கடைசிப் பத்துக்குள் வந்தவற்றில், அப்போது உயிரோடிருந்த ஓவியர் வரைந்தது இது ஒன்றுதான்.

போனில் பார்க்காதீர்கள். லேப்டாப், முடிந்தால் டிவி. பத்தடி அகலப் படத்தை நாலு அங்குலத்தில் பார்த்தால் இரண்டாவது படியே வேலை செய்யாது.

தலைப்பிலிருந்தே இவர்கள் தம்பதி என்று தெரிகிறது. மற்ற கதையைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே தெரிந்துவிட்டால் கண்ணுக்குச் சோம்பல் வந்துவிடும்.

படி 1: பெயர்ச்சொற்களை மட்டும் எழுதுங்கள்

ஒரு நோட்டும் பேனாவும். பத்து நிமிஷம். படத்தில் உள்ளதை எல்லாம் வரிசையாக எழுதுங்கள், ஆனால் உணர்ச்சியைச் சொல்லும் அடைமொழி ஒன்றுகூட வேண்டாம். 'சோகமான பெண்' கூடாது. 'நிற்கும் பெண், ஒரு கை இடுப்பில்' சரி.

நம் படத்தில் இப்படி வரும்: இடப்பக்கம் நீண்ட, இருண்ட நிற உடையில் நிற்கும் பெண். வலப்பக்கம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த ஆண், வெறுங்கால், பாதம் ரோமக் கம்பளத்துக்குள் புதைந்திருக்கிறது. அவர் மடியில் வெள்ளைப் பூனை. நடுவில் பால்கனிக்குத் திறக்கும் உயரமான ஜன்னல்கதவு. இடப்பக்க மேஜையில் லில்லிப்பூ வைத்த ஜாடி, ஒரு மஞ்சள் புத்தகம். சுவரில் சட்டமிட்ட படம். தரையில் டெலிபோன், தரையிலேயே ஒரு விளக்கு.

எதை எத்தனையாவதாகக் கவனித்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். பெரும்பாலானவர்கள் பூனையை முதல் மூன்றுக்குள் எழுதுவார்கள், சுவரில் உள்ள படத்தைக் கடைசியில்தான் எழுதுவார்கள். ஓவியர் உங்கள் கண்ணை எந்த வழியாக நடத்திப் போகிறார் என்பதற்கு இந்த வரிசையே தடயம்.

படி 2: நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

யதார்த்த ஓவியம் எதுவானாலும் அதற்கு முன்னால் ஓர் ஆள் நின்றாக வேண்டும். அந்த இடத்தை ஓவியர் உங்களுக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறார். அது தரையிலா, நாற்காலியிலா, மொட்டைமாடியிலா என்று கண்டுபிடியுங்கள். வழி சுலபம்: மேஜையின் மேல்பரப்பு தெரிகிறதா, தரை எவ்வளவு தெரிகிறது, யாருடைய கண் உங்கள் கண் உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

ஹாக்னியின் படத்தில் ஆட்கள் ஏறக்குறைய ஆளுயரம். நேரில் அதன் முன்னால் நின்றால் நீங்களும் அந்த அறைக்குள் நிற்கிறீர்கள், அதுவும் சரியாக இருவருக்கும் இடையில் உள்ள வெற்றிடத்துக்கு எதிரே. ஜன்னல் உங்களுக்கு நேராக. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர் நிற்கிற இடம் அது. கொஞ்சம் சங்கடமான இடமும்கூட.

ஸ்பெயினின் அன்தோனியோ லோபெஸ் கார்சியா 1974 முதல் 1981 வரை வரைந்த 'கிரான் வியா' உங்களை நிறுத்தும் இடம் இன்னும் விசித்திரமானது: மாட்ரிட்டின் மிகப் பரபரப்பான சாலைகளில் ஒன்றின் நடுவில். பகலில் அங்கே நின்றால் வண்டி மோதிவிடும். அந்த இடத்தில் சாவகாசமாக நின்று பார்க்க முடிகிறது என்பதே அந்தப் படத்தைப் பற்றிய முதல் செய்தி. மீதியை நாலாவது படியில் பார்ப்போம்.

படி 3: பார்வைக் கோடுகளை வரையுங்கள்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் வைத்து, படத்தில் உள்ள ஒவ்வொரு ஜோடிக் கண்ணிலிருந்தும் ஒரு கோடு இழுங்கள். எதில் போய் முட்டுகிறது?

மிஸஸ் கிளார்க் உங்களைப் பார்க்கிறார். மிஸ்டர் கிளார்க்கும் உங்களைப் பார்க்கிறார். ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. ஒரே அறை, ஒரே திருமணம், இரண்டு கோடுகளும் மூன்றாம் ஆளிடம் வந்து சேர்கின்றன. அந்த மூன்றாம் ஆள் முதலில் ஹாக்னி, இப்போது நீங்கள். கேமராவைப் பார்க்கும் கல்யாண போட்டோவிலும் இதேதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே இருவரும் ஒட்டி நிற்பார்கள், போட்டோகிராபர் ஒட்ட வைத்துவிடுவார். இங்கே நடுவில் ஒரு முழு ஜன்னல் இருக்கிறது, வெளிச்சம் முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது.

இப்போது பூனை. அது நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்க்கிறது. அறையில் நடப்பதிலோ, வந்திருக்கும் உங்களிடமோ அதற்கு எந்த அக்கறையும் இல்லை. படத்தில் மூன்று உயிர்கள், மூன்று பார்வைகள், ஒன்றுகூட இன்னொன்றைச் சந்திப்பதில்லை. இதைக் கண்டுபிடிக்க எந்தக் குறியீட்டு அகராதியும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. குறுந்தொகையில் கபிலரின் ஒரு பாட்டு. தலைவன் தன்னைக் கூடிய நாளில் அருகில் வேறு யாரும் இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தலைவி கலங்குகிறாள். பிறகு சொல்கிறாள், ஒரு சாட்சி இருந்தது: "ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டு". தினைத்தாள் போலச் சிறிய பசுங்காலோடு நிற்கும் கொக்கு, ஓடும் நீரில் ஆரல்மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கிருந்த ஒரே கண் இவர்களைப் பார்க்கவில்லை, இரையைப் பார்க்கிறது. கொக்கு என்றால் இது என்று அகராதியில் இருப்பதால் அந்த வரி குத்துவதில்லை, கொக்கு எங்கே பார்க்கிறது என்பதால் குத்துகிறது. கொக்கு நிஜக் கொக்கு, நீர் நிஜ நீர். வர்ணனை துல்லியமாக இருப்பதால்தான் உள்ளுறை, அதாவது வர்ணனைக்குள் ஒளிந்திருக்கும் பொருள், வேலை செய்கிறது. யதார்த்த ஓவியத்தைப் படிக்க நம்மிடம் ஏற்கெனவே உள்ள மிக நல்ல பயிற்சி சங்க அகப்பாடல்கள்தான் என்று நினைக்கிறேன்.

சரி, முகமே தெரியாத படங்களில் கோடு எப்படி இழுப்பது? தலை திரும்பிய திசையில் இழுங்கள். ஆண்ட்ரூ வையத்தின் 'கிறிஸ்டினாஸ் வேர்ல்ட்' 1948-ல் வரையப்பட்டது. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் மறு வருடமே 1,800 டாலருக்கு அதை வாங்கிக்கொண்டது. காய்ந்த புல்வெளியில் இளஞ்சிவப்பு உடையில் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டிக் கிடக்கிறாள், மேட்டின் உச்சியில் இருக்கும் வீட்டை நோக்கி உடம்பை உயர்த்துகிறாள். கோடு வீட்டில் முடிகிறது. ஆனால் நாம் அவளுக்குப் பின்னால், சற்று உயரத்தில் இருக்கிறோம். அவளுக்குத் தெரியாமல் அவளைப் பார்க்கிறோம். அதனால்தான் அந்தப் படம் அழகாகவும் லேசாகக் குற்றவுணர்ச்சி தருவதாகவும் இருக்கிறது.

ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 1988-ல் வரைந்த 'பெட்டி' இன்னும் ஒரு படி மேலே போகிறது. ரிக்டரின் மகள். சிவப்புப் பூப்போட்ட வெள்ளை மேல்சட்டை, உடம்பு நம் பக்கம், தலை மட்டும் முழுக்கப் பின்னால் திரும்பியிருக்கிறது. பின்னணியில் சாம்பல் நிறம் மட்டும். அது ரிக்டரின் சொந்த ஒருநிற ஓவியங்களில் ஒன்று என்று சொல்வார்கள். அதாவது நாம் ஓவியத்தில் ஒரு பெண்ணைப் பார்க்கிறோம், அவள் ஓவியம் ஒன்றைப் பார்க்கிறாள், அங்கே பார்க்க எதுவும் இல்லை. ஒரு பூவோ மண்டை ஓடோ வைக்காமல் தலை திரும்பிய ஒரு சைகையிலேயே ஒரு தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவே உள்ள தூரத்தைச் சொல்ல முடிகிறது. முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு எழுகிறதா? எழும். அதையும் நோட்டில் எழுதுங்கள், அதுவும் பார்வைக் கோடுதான்.

படி 4: எவ்வளவு நேரம் பார்த்து வரைந்தது?

கேமரா ஒரு கணத்தைப் பார்க்கிறது. ஓவியர் மாதக்கணக்கில் பார்க்கிறார். அந்த நேரம் படத்துக்குள் எங்கேயோ தங்கியிருக்கும், அதைத் தேடுங்கள்.

லோபெஸின் 'கிரான் வியா' கோடைக்கால அதிகாலை, ஏறக்குறைய ஆறரை மணி வெளிச்சம். அந்த வெளிச்சம் அரை மணி நேரம்கூட அப்படியே நிற்காது. தினமும் அந்தச் சிறு இடைவெளியில் வரைந்து, அடுத்த கோடையில் மறுபடி வந்து, ஏழு வருஷம். படத்தின் அகலம் ஒரு மீட்டருக்கும் குறைவு! தெருவில் ஒரு ஆள் இல்லை, ஒரு வண்டி இல்லை. பலர் இதை நவீன நகரத்தின் தனிமைக்கான குறியீடாகப் படிப்பார்கள். ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ 1975-ல் இறந்தார் என்பதால் அரசியல் வெறுமையையும் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் முதலில் இதைச் சொல்லுங்கள்: அந்த நேரத்தில் தெரு காலியாகத்தான் இருக்கும். வேலை நடந்த விதத்திலிருந்து வெறுமை வந்தது, அர்த்தம் அதன் மேல் பிறகு படிந்தது. நல்ல யதார்த்த ஓவியத்தில் குறியீடு இப்படித்தான் பிறக்கிறது.

இதே லோபெஸிடம் ஸ்பெயின் அரச குடும்பத்தை வரையச் சொன்னார்கள். 1994-ல் தொடங்கினார், 2014-ல் முடித்தார். இருபது வருஷம். அதற்குள் மன்னர் ஹுவான் கார்லோஸ் பதவி துறந்துவிட்டார்! படத்தில் எல்லாரும் பழைய வயதிலேயே நிற்கிறார்கள்.

லண்டனில் வாழ்ந்த ஓவியர் லூசியன் ஃப்ராய்டு வேறு மாதிரி. போட்டோவைத் தொடவே மாட்டார், ஆள் எதிரே உட்கார்ந்தாக வேண்டும். 2002-ல் நம் ஹாக்னியே அவருக்கு நூறு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்தார். பதிலுக்கு ஃப்ராய்டு ஹாக்னிக்கு உட்கார்ந்தது சில மணி நேரம் மட்டுமே. அவ்வளவு நேரம் பார்க்கப்படுகிற மனிதர் சிரித்த முகமாக இருக்க முடியாது. ஃப்ராய்டின் ஆட்கள் தளர்ந்து, சில சமயம் தூங்கியே போகிறார்கள். தொங்கும் தசையை உடனே 'மரணத்தின் குறியீடு' என்று எழுதிவிடாதீர்கள். அது களைப்பு. அந்தக் களைப்பு யாரால் வந்தது என்று கேட்டால் படம் திறக்கும்.

நம் பாடப் படத்துக்கு ஹாக்னி போட்டோவும் எடுத்தார், நேரிலும் உட்கார வைத்தார். அவர் மிகவும் கஷ்டப்பட்டது கணவனின் தலையில்தான், ஏறக்குறைய பன்னிரண்டு தடவை திரும்பத் திரும்ப வரைந்ததாகச் சொல்லியிருக்கிறார். இன்னொரு சிக்கல் வெளிச்சம். ஜன்னல் பின்னால் இருக்கிறது, ஆட்கள் அதற்கு முன்னால். போனில் ஜன்னலுக்கு எதிராகப் படம் எடுத்துப் பாருங்கள், முகம் கறுத்துவிடும். இங்கே முகங்கள் தெளிவாக இருக்கின்றன. போட்டோ மாதிரி இருக்கு என்று சொன்னவர்களுக்கு இது ஒன்றே பதில்.

படி 5: இப்போதுதான் குறியீடு

முதல் நான்கு படிகள் முடிந்த பிறகே இங்கே வாருங்கள். ஒரு பொருள் குறியீடா, வெறும் பொருளா என்று தெரிய நான் செய்வது கட்டைவிரல் சோதனை. அந்தப் பொருளை விரலால் மறையுங்கள். ஆட்களுக்கு இடையிலான உறவு மாறுகிறதா?

டெலிபோனை மறைத்தால் வலது மூலை காலியாகும், அவ்வளவுதான். அது குறியீடு இல்லை, சாட்சி. டெலிபோனையும் விளக்கையும் தரையில் வைத்து வாழ்கிற இளம் கலைஞர் வீடு, 1970 என்று சாட்சி சொல்கிறது. பூனையை மறைத்தால்? ஜன்னலுக்கு வெளியே போகும் ஒரே பார்வை அற்றுப்போகிறது, படம் இறுகிவிடுகிறது. லில்லியை மறைத்தால் மனைவியின் பக்கம் கனம் குறைகிறது. ஆக இரண்டும் தேறிவிட்டன.

அடுத்து, எந்தப் பொருள் யார் பக்கம் என்று பிரியுங்கள். லில்லி, புத்தகம், சுவர்ப்படம் மனைவி பக்கம். பூனை, கம்பளம், டெலிபோன் கணவன் பக்கம். பொதுவாக இருவருக்கும் சொந்தமான பொருள் என்று நடுவில் ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகு பரம்பரையைப் பாருங்கள். ஓவியர்கள் பழைய ஓவியங்களைப் பார்த்துதான் வரைகிறார்கள். லண்டன் நேஷனல் கேலரியில் யான் வான் ஐக் 1434-ல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதி படம் இருக்கிறது. அங்கேயும் கணவன், மனைவி, நடுவில் இடைவெளி, ஒரு விலங்கு. அங்கே இருப்பது நாய், விசுவாசத்தின் அடையாளம் என்று படிக்கப்பட்டது. ஹாக்னி அந்த இடத்தில் பூனையை வைக்கிறார். பூனை யாருக்கும் கட்டுப்படாது, ஐரோப்பியப் பட மரபில் அதற்குக் காமத்தோடும் தொடர்பு உண்டு. லில்லி, மரியாளுக்கு தேவதூதன் வந்து கருவுறுதலை அறிவிக்கும் படங்களில் வரும் பூ. வான் ஐக் பின்சுவரில் தன் பெயரை எழுதி, தான் அங்கே இருந்ததாகக் குறித்து வைத்தார். ஹாக்னி சுவரில் மாட்டியிருப்பது தன்னுடைய சொந்த அச்சுப்படம், ஊதாரி இளைஞன் ஒருவனின் வீழ்ச்சியைச் சொல்லும் ஹோகார்த்தின் 18-ம் நூற்றாண்டுத் தொடரை ஒட்டி 1961-63-ல் அவர் செய்த வரிசையில் ஒன்று. மூன்றாம் ஆள் அறைக்குள் இருந்தார் என்பதற்குக் கையெழுத்து.

இந்த இடத்தில் தலைகால் புரியாமல் துள்ளத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அர்னோல்ஃபினி படத்தையே எடுத்துக்கொள்வோம். 1934-ல் எர்வின் பனோஃப்ஸ்கி என்ற பெரிய அறிஞர் அதை ஒரு திருமணச் சான்றிதழ் என்றே வாசித்தார்: ஒற்றை மெழுகுவத்தி, கழற்றிப்போட்ட செருப்பு, நாய் எல்லாமே மறைந்திருக்கும் குறியீடுகள். பல தலைமுறை மாணவர்கள் அதைத்தான் படித்தார்கள். பிறகு ஆவணம் கிடைத்தது, அவர் சொன்ன ஜோடியின் கல்யாணம் நடந்ததே 1447-ல்தான், படம் வரைந்து பதின்மூன்று வருஷம் கழித்து, வான் ஐக் செத்தும் ஆறு வருஷம் ஆன பிறகு. கர்ப்பம் என்று பலர் நினைத்த வயிறும் அந்தக் காலத்துப் பாணியில் தூக்கிப் பிடித்த உடைதான் என்கிறார்கள். சாமான்களை வைத்து மட்டும் கதை கட்டினால் இப்படித்தான் சரியும். நாய் எங்கே பார்க்கிறது, பின்சுவரில் மாட்டிய கண்ணாடியில் யார் தெரிகிறார்கள் என்ற கவனிப்புகள் மட்டும் இன்றைக்கும் செல்லுபடியாகின்றன.

குறியீடே வேண்டாம் என்று வரைகிறவர்களும் உண்டு. அமெரிக்கரான ரிச்சர்ட் எஸ்டெஸின் 1967 படம் 'டெலிபோன் பூத்ஸ்' நியூயார்க் தெருவின் டெலிபோன் கூண்டுகள், அவற்றில் பிரதிபலிக்கும் நகரம், அவ்வளவே. அதில் பூவைத் தேடாதீர்கள். பிரதிபலிப்புகளில் எது முன்னால், எது பின்னால் என்று கண் தடுமாறுவதுதான் அங்கே விஷயம்.

படி 6: யாருடைய அகராதி?

2018 பிப்ரவரியில் வாஷிங்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் பராக் ஒபாமாவின் உருவப்படம் திறக்கப்பட்டது. வரைந்தவர் கெஹிண்டே வைலி. நாற்காலியில் முன்குனிந்து உட்கார்ந்த ஒபாமா, பின்னால் அடர்ந்த பச்சை இலைகள், இடையிடையே பூக்கள். சாமந்தி அவர் அரசியல் செய்த சிகாகோவுக்கு. நீல ஆப்பிரிக்க லில்லி தகப்பனாரின் கென்யாவுக்கு. மல்லிகை பிறந்த ஊரான ஹவாய்க்கு.

மல்லிகை! மதுரைக்காரர் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தால் என்ன தோன்றும்? கல்யாணம், கூந்தல், மாலைநேரம். அமெரிக்க ஜனாதிபதி பக்கத்தில் அந்த வாசனை வந்தால் குழப்பம்தான். குழப்பம் தவறில்லை, ஆனால் அது உங்கள் அகராதி, படத்தினுடையது அல்ல. நோட்டில் இரண்டு பத்தி போட்டு இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

ஹாக்னி படத்திலும் இது நடக்கும். ஆங்கிலேய மரபில், கெய்ன்ஸ்பரோ 1750 வாக்கில் வரைந்த ஆண்ட்ரூஸ் தம்பதி படத்தைப் போல, மனைவி உட்கார்ந்திருப்பார், கணவன் பக்கத்தில் நிற்பார். ஹாக்னி அதைக் கவிழ்த்துவிட்டார் என்று ஆங்கில விமர்சகர்கள் எழுதுவார்கள். நம் வீட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களிலோ தாத்தா நாற்காலியில், பாட்டி பக்கத்தில் நின்றபடி. நமக்கு ஹாக்னி எதையுமே கவிழ்க்கவில்லை, ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டே பார்ப்பது நல்லது.

படி 7: கிட்டே போங்கள்

படத்தின் எல்லா இடமும் ஒரே கவனத்தோடு வரையப்பட்டிருக்காது. எங்கே ஓவியர் உயிரைக் கொடுத்திருக்கிறார், எங்கே ஒப்பேற்றியிருக்கிறார் என்று பாருங்கள். ஹாக்னியின் சுவர் தட்டையான நிறம், முகங்கள் நுணுக்கம். வையத்தின் புல்வெளி முட்டை மஞ்சள்கரு கலந்த டெம்பராவில் இழை இழையாக வரையப்பட்டது. அந்தப் பெண் கடக்க வேண்டிய தூரம் அந்தப் பொறுமையால்தான் நம் உடம்பில் உறைக்கிறது.

வைலி படம் திறக்கப்பட்ட அதே நாளில் மிஷெல் ஒபாமாவின் படமும் திறக்கப்பட்டது, எமி ஷெரால்டு வரைந்தது. தோலுக்குச் சாம்பல் நிறம் பூசுவது ஷெரால்டின் வழக்கம். பூ, விலங்கு எதுவும் இல்லை, அந்தச் சாம்பல் ஒன்றே போதும். நிறத்தை முதலில் பார்த்தே பழகிய கண்ணுக்கு அந்த நிறத்தை எடுத்துவிட்டால் எதைப் பார்ப்பாய் என்று கேட்கிறது. இரண்டு படங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். வைலியின் பூக்களுக்கு விளக்க அட்டை வேண்டும், இதற்கு வேண்டாம்.

படி 8: வாழ்க்கைக் கதை கடைசியில்

இப்போது விளக்கக் குறிப்பைப் படிக்கலாம். மிஸ்டர் கிளார்க் என்பவர் ஓஸி கிளார்க், அறுபதுகளின் லண்டனில் புகழ்பெற்ற உடை வடிவமைப்பாளர். மிஸஸ் கிளார்க், சீலியா பர்ட்வெல், துணிகளுக்கு அச்சு டிசைன் செய்தவர். 1969-ல் கல்யாணம், ஹாக்னிதான் மாப்பிள்ளைத் தோழன். படம் வரையும்போது சீலியா கர்ப்பமாக இருந்தார், லில்லி ஞாபகம் வருகிறதா? ஓஸிக்கு வேறு உறவுகள் இருந்தன. 1974-ல் விவாகரத்து.

எல்லாம் பொருந்தி வருகிறது இல்லையா? ரொம்பவே பொருந்துகிறது, அதனால் சந்தேகப்படுங்கள். படம் முடிந்தது 1971-ல், அதற்கு 1974 தெரியாது. பிரிவை முன்கூட்டியே சொன்ன படம் என்று எழுதுவது பின்னாலிருந்து படிப்பது. படம் காட்டியது ஒருவரை ஒருவர் பார்க்காத இருவரை மட்டும்தான். இன்னொன்று: மடியில் இருக்கும் பூனையின் உண்மையான பெயர் பெர்சி இல்லை, பிளான்ச். பெர்சி அவர்களிடம் இருந்த இன்னொரு பூனை. பெயர் கேட்க நன்றாக இருந்ததால் அதை வைத்துக்கொண்டார்கள். பெர்சி என்ற பெயரின் குறியீட்டு மதிப்பைப் பற்றி ஆய்வேடு எழுத நினைத்திருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கிறிஸ்டினாவின் கதையும் இப்படித்தான். கிறிஸ்டினா ஓல்சன் மெய்ன் மாநிலத்தில் வையத்தின் அயல்வீட்டுக்காரர், தசைநோயால் நடக்க முடியாதவர், சக்கர நாற்காலியை மறுத்துத் தவழ்ந்தே போனவர். அப்போது அவருக்கு வயது 55. ஆனால் அந்த உடலுக்கு மாடலாக இருந்தவர் வையத்தின் மனைவி பெட்ஸி, இருபதுகளின் நடுவில் இருந்தவர். முதுகைப் பார்த்து இளம்பெண் என்று நினைத்தீர்களே, உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

நம் நாட்டில் சுதிர் பட்வர்தன். தானேயில் 2005 வரை எக்ஸ்ரே மருத்துவராக வேலை பார்த்துக்கொண்டே மும்பையின் உழைக்கும் மக்களையும் ரயிலையும் மேம்பாலத்தையும் வரைந்தவர். சமூகத்தை எக்ஸ்ரே எடுத்தார் என்று எழுதக் கை துறுதுறுக்கும், பலர் எழுதியும் இருக்கிறார்கள். அவர் படங்களில் எனக்குத் தெரிவது எதிர்ப்பதம்: தோலுக்கு உள்ளே போகாமல் வெளியிலேயே, மரியாதையான தூரத்தில் நின்றுவிடுகிற பார்வை. தொழிலை முதலில் தெரிந்துகொண்டு படத்துக்கு வந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

படி 9: நம்மூர்ப் படத்தில் செய்து பாருங்கள்

கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து, ஆனந்த விகடன் வழியாகத் தமிழ் வீடுகளுக்கெல்லாம் தெரிந்தவரான ஓவியர் இளையராஜா 2021-ல் கொரோனாவில் இறந்துபோனார். அவருடைய எண்ணெய் ஓவியங்கள்தான் 'போட்டோ மாதிரியே' என்ற பாராட்டைத் தமிழில் அதிகம் வாங்கியவை. கதவோரத்திலும் ஜன்னலோரத்திலும் நிற்கிற கறுத்த பெண்கள், பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சம், பாவாடைத் தாவணி, பித்தளைப் பாத்திரம்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்து முதல் படியிலிருந்து வாருங்கள். பெயர்ச்சொற்கள். பிறகு, நீங்கள் வீட்டுக்குள் நிற்கிறீர்களா வெளியிலா? அந்தப் பெண்ணுக்கு நீங்கள் யார், உறவா, அந்நியரா? அவள் உங்களைப் பார்க்கிறாளா, பார்க்காதது போல நிற்கிறாளா, அல்லது நிஜமாகவே உங்களைத் தெரியாமல் வேறு வேலையில் இருக்கிறாளா? கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நேரம் எடுக்கும், கழுத்தையும் தோளையும் பாருங்கள். வெளிச்சம் எதன் மேல் கூடுதலாக விழுகிறது, முகத்திலா பாத்திரத்திலா? பித்தளைப் பாத்திரத்தைக் கட்டைவிரலால் மறையுங்கள். அது அவள் கையில் இருக்கும் வேலையா, நம் ஏக்கத்துக்காக வைக்கப்பட்ட பழங்காலமா?

எல்லாப் படத்துக்கும் ஒரே பதில் வராது, அவருடைய படங்களுக்குள்ளேயே வேறுபடும். இரண்டு பேராகச் சேர்ந்து செய்வதானால் நோட்டைப் படம் முடியும் வரை ஒருவருக்கொருவர் காட்டாதீர்கள், பார்வைக் கோடுகளை மட்டும் கடைசியில் ஒப்பிட்டுப் பாருங்கள். அவை வேறு திசையில் போயிருந்தால் மூன்றாவது படியை மறுபடி செய்யுங்கள்.